பந்து பழகும் பிள்ளைகளுக்கு வழி வேண்டும்

வண்டன்மேடு வட்டாரத்து ஏலத் தோட்டங்களில் சமதரை கிடைப்பது அரிது. கால்பந்து மைதானம், கிரிக்கெட் மைதானம் என்று கேட்டால் எங்கே போவது? ஆனால் வாலிபால் எனப்படும் கைப்பந்துக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆட்டக்களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். சுற்றிலும் மூன்று மூன்று மீட்டர் விட்டாலும் ஒன்பது சென்ட் நிலத்துக்குள் அடங்கிவிடும். ஒரு வலையும் ஒரு பந்தும் இருந்தால் பன்னிரண்டு பேர் ஆடலாம். மலைநாட்டுக்கும் ஏழைக்கும் ஏற்ற விளையாட்டு இது. லயங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் இதில் ஆர்வம் காட்டுவதில் வியப்பில்லை. இந்த ஆர்வம் பிழைப்புக்கு ஒரு வழியாகுமா, பதினெட்டு வயதோடு முடிந்து போகுமா என்பதே கேள்வி.

இதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டாம். கண்ணூர் மாவட்டத்துப் பேராவூரும் குடியேற்ற விவசாயிகளின் மலையோர ஊர்தான். அங்கே 1955 மார்ச் 8-ஆம் தேதி பிறந்தவர் ஜிம்மி ஜார்ஜ். தந்தை ஜார்ஜ் ஜோசப் தாமே ஆட்டக்காரர்; மகனுக்கு முதல் குருவும் அவரே. சகோதரர்கள் எட்டுப் பேரும் பந்து பிடித்தவர்கள். வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டே ஓர் அணி அமைக்கக்கூடிய குடும்பம் அது.

ஜிம்மி இருபது வயதுக்கு முன்பே இந்திய அணியில் இடம் பெற்று, 1974-இல் டெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டிக்குச் சென்றார். 1976-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதைப் பெற்றபோது அவருக்கு வயது 21. அதன் பின் 1978-இல் பாங்காக், 1986-இல் சியோல். சியோலில் இந்தியா வெண்கலப் பதக்கம் பெற்றது. 1962-க்குப் பிறகு ஆசிய விளையாட்டில் ஆடவர் கைப்பந்தில் நாட்டுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. அதற்குப் பிறகு 2023-இல் ஹாங்சோவில் நடந்த போட்டி வரை மற்றொரு பதக்கம் வரவில்லை என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த வெண்கலத்தின் எடை தெரியும்.

மருத்துவக் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்தவர் ஜிம்மி ஜார்ஜ். பந்துக்காகப் படிப்பைக் கைவிட்டார். வேறொரு வீட்டில் அது பெரும் துக்கமாயிருக்கும். ஆனால் அவர் வெறுங்கையோடு வெளியே வரவில்லை. கேரள போலீஸ் அவருக்கு வேலை கொடுத்தது. அந்த வேலை கையில் இருந்ததால்தான் துணிந்து கடல் தாண்ட முடிந்தது எனலாம். 1979-இல் அபுதாபி சென்றார். 1982-இல் இத்தாலி சென்று அங்குள்ள கிளப்புகளில் சம்பளத்துக்கு ஆடினார். இந்தியக் கைப்பந்து ஆட்டக்காரர் ஒருவர் ஐரோப்பாவில் தொழில்முறையாக ஆடுவது அன்று கேள்விப்படாத சங்கதி.

1987 நவம்பர் 30-ஆம் தேதி இத்தாலியில் நடந்த கார் விபத்தில் அவர் உயிர் நீத்தார். வயது 32. மனைவி அப்போது கர்ப்பிணி. பிறக்கவிருந்த மகனின் முகத்தைத் தந்தை பார்க்கவில்லை. திருவனந்தபுரத்தில் உள்விளையாட்டரங்கம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. இத்தாலியில் மோன்டிகியாரி என்ற ஊரிலும் அவர் பெயரில் ஓர் அரங்கம் உண்டு. அந்நிய மண்ணிலும் மரியாதை பெற்ற வாழ்வு அது.

பெயர் சூட்டுவது நல்ல காரியம்தான். ஆனால் அவரை உருவாக்கியவை அரங்கங்கள் அல்ல. சொல்லிக் கொடுக்க வீட்டில் தந்தை இருந்தார், படிப்பு இருந்தது, பல்கலைக்கழக அணி இருந்தது, ஆட்டத்தை மதித்து வேலை தர ஓர் இலாகா இருந்தது. இந்த நான்கில் எத்தனை லயத்துப் பிள்ளைக்குக் கிடைக்கிறது?

எல்லைப்புறத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் திறமை இல்லாமல் இல்லை. அவர்கள் ஆடுவது பெரும்பாலும் விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் இரவுப் போட்டிகளில். ஜெயித்தால் கோப்பையும் கொஞ்சம் பணமும் கிடைக்கும். ஆனால் ரயில்வேயோ, போலீஸோ, மின்வாரியமோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும்போது அந்தக் கோப்பையை யாரும் கேட்பதில்லை. அங்கீகாரம் பெற்ற போட்டியில் ஆடிய சான்றிதழ் எங்கே, படிப்புச் சான்றிதழ் எங்கே என்றுதான் கேட்கிறார்கள். ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களில் பள்ளியை விட்டு நின்ற பையன் எவ்வளவு உயரம் தாவி அடித்தாலும் அந்த வாசல் திறக்காது.

2022-இல் தொடங்கிய பிரைம் வாலிபால் லீக்கில் கொச்சி, கோழிக்கோடு, சென்னை அணிகள் ஆடுகின்றன, பணமும் வருகிறது. ஆனால் அது ஆண்டில் சில வாரக் காலத்து ஆட்டம். ஒரு முழங்கால் முறிந்தால் முடிந்தது. நிரந்தர வேலையின் இடத்தை அது நிரப்பிவிடாது.

எனவே செய்ய வேண்டியவை எளியவை. தோட்ட நிர்வாகங்கள் ஒன்பது சென்ட் சமதரை ஒதுக்கலாம். பஞ்சாயத்து வலையும் பந்தும் வாங்கித் தருவதோடு, வாரம் இரண்டு நாள் ஒரு பயிற்சியாளரையும் அனுப்பலாம். விளையாட்டு விடுதிகளுக்கும் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்கும் ஆள் தேர்வு செய்யும் அறிவிப்புகள், மலையாளத்தோடு தமிழிலும் தமிழ்வழிப் பள்ளிகளின் பலகையில் ஒட்டப்பட வேண்டும். அறிவிப்பைப் படிக்கத் தெரியாத தாயின் பிள்ளை தேர்வுக்கு எப்படிப் போகும்? நன்றாக ஆடும் பிள்ளைகளின் பெயரை மாவட்டத் தேர்வுக்கு அனுப்புவதை ஆசிரியர்கள் தங்கள் கடமையாகவே கொள்ள வேண்டும்.

பெண் பிள்ளைகளையும் மறந்துவிடலாகாது. 1975-லேயே கேரளத்துப் பெண் கே.சி. ஏலம்மா கைப்பந்துக்காக அர்ஜுனா விருது பெற்றார். அதற்கும் முன்பு, அவ்விருது தொடங்கிய 1961-ஆம் ஆண்டிலேயே கைப்பந்துக்காக அதைப் பெற்றவர் ஏ. பழனிசாமி. எனவே இந்த ஆட்டத்தில் யாருடைய பிள்ளைக்கும் இடம் உண்டு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விளையாடப் போகும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். விளையாட்டைச் சாக்கிட்டுப் பள்ளியை விடவும் அனுமதிக்க வேண்டாம். காலையில் புத்தகம், மாலையில் பந்து. இரண்டும் சேர்ந்தால்தான் நாளைக்குச் சம்பளம் வரும்.