அந்த ஒரு வருஷம் வீணா?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெண் பி.காம். முடித்துவிட்டாள். ‘உடனே எம்.பி.ஏ. வேண்டாம்மா. ஒரு வருஷம் கிடைக்கிற வேலைக்குப் போறேன், சாயங்காலத்துல வயலின் கத்துக்கறேன், சேர்த்த பணத்துல ஒரு மாசம் ஊர் சுத்திட்டு வரேன், அப்புறம் படிக்கறேன்’ என்கிறாளாம். அப்பாவுக்குக் கோபம். ‘வருஷம் வீணாப் போகும், நாலு பேர் கேட்டா என்ன சொல்றது?’ என்று இரண்டு வாரமாகப் பெண்ணிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட அம்மா என்னிடம் கேட்பது இதுதான்: ‘பேசாம நாங்களே காசு கொடுத்து ஒரு மாசம் டூர் அனுப்பிட்டா, பிரச்னை தீர்ந்துடுமே?’

அம்மா, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அவள் கேட்பது டூர் அல்ல, அந்த ஒரு வருஷம்.

லாரி லீ என்று ஓர் ஆங்கில எழுத்தாளர். இங்கிலாந்தில் ஸ்லாட் என்ற சின்ன கிராமத்துப் பையன். 1934-ல், இருபது வயதைத் தொடும்போது, போர்வையில் சுற்றிய ஒரு வயலினோடு வீட்டை விட்டு நடந்தே கிளம்பினார். அவருடைய அம்மா காலையில் சாப்பாடு போட்டு, தடுக்காமல் வழியனுப்பினார். அதுவரை கிராமத்துக்குள் வாசித்த பையன், சவுத்தாம்ப்டன் நகரத் தெருவில் முதன்முதலாகக் காசுக்கு வாசித்தார். அங்கேதான் சில விஷயங்கள் புரிந்தன. துள்ளலான மெட்டு வாசித்தால் ஜனங்கள் அதே வேகத்தில் கடந்து போய்விடுவார்கள். நிதானமாக இழைத்து வாசித்தால் நடை தளர்ந்து நின்று கேட்பார்கள், காசும் விழும். எந்த வகுப்பிலும் இதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

பிறகு லண்டன் போய்க் கிட்டத்தட்ட ஒரு வருஷம் கட்டட வேலையில் சிமென்ட் கலவை வண்டி தள்ளினார். வேலை முடிந்ததும், 1935-ல், 4 பவுண்டுக்கு ஒருவழி டிக்கெட் எடுத்து ஸ்பெயினின் விகோ துறைமுகத்துக்குக் கப்பல் ஏறினார். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கும் அளவுக்குத்தான் ஸ்பானிஷ் தெரியும். ஊர் ஊராக நடந்து, வயலின் வாசித்துச் சாப்பிட்டார். அந்தப் பயணத்தை அவர் புத்தகமாக எழுதியது 1969-ல். முப்பது வருஷத்துக்கு மேல் கழித்தும் எழுத விஷயம் இருந்தது என்றால், கலவை வண்டி தள்ளிய அந்த வருஷத்தை வீண் என்று யார் சொல்வார்கள்?

நம் வீட்டுப் பெண்ணை வயலினோடு தெருவில் நின்று வாசிக்கச் சொல்லவில்லை. பதறாதீர்கள்! நான் சொல்ல வருவது, கூலியும் வாத்தியமும் பயணமும் அவர் விஷயத்தில் ஒரே கயிற்றின் மூன்று புரிகளாக இருந்தன என்பதைத்தான். ஒன்றை நீங்கள் காசு கொடுத்து வாங்கிக் கொடுத்துவிட்டால், மற்ற இரண்டும் பிரிந்துபோகும்.

சரி, அப்பாவின் பயத்துக்கு வருவோம். அதிலும் நியாயம் இருக்கிறது. ‘ஒரு வருஷம்’ என்று ஆரம்பித்து மூன்று வருஷமாக இழுத்தவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். அதனால் பெண்ணிடம் இரண்டு விஷயங்களை எழுதி வாங்குங்கள்: ஒரு தொகை, ஒரு தேதி. எந்தத் தேதியில் வேலையை விடுவாள், அதற்குள் எவ்வளவு சேர்ப்பாள் என்பதை அவளே எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டட்டும். எம்.பி.ஏ.வுக்கான கேட் தேர்வு பொதுவாக நவம்பர் கடைசியில் வருகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே எழுதலாம். ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கு ஒதுக்கினால், படிப்பும் கைவிட்டுப் போகாது. ‘நாலு பேர்’ கேட்டால், ‘வேலைக்குப் போறா, கேட் எழுதப் போறா’ என்று அப்பா தலைநிமிர்ந்தே சொல்லலாம்.

பணக் கணக்கு எளிது. ஓர் உதாரணத்துக்குச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வையுங்கள். பஸ், டிபன் 4,000. வயலின் வகுப்பு, தந்தி, ரோசின் எல்லாம் சேர்த்து 2,000. கைச்செலவு 2,000. வீட்டுக்கு 2,000. இதைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். ‘உன் காசு எங்களுக்கு எதுக்கு’ என்று பெருமைக்காகத் தள்ளாதீர்கள். சொந்தச் சம்பாத்தியத்தில் அரிசி வாங்கிய பிள்ளைக்கு அரிசி விலை மறக்காது. மீதி 5,000 பயணத்துக்கு. வருஷத்துக்கு 60,000!

அந்த 5,000 சம்பளம் வந்த மறுநாளே, கையில் படாமல், ஆர்.டி.க்குப் போய்விட வேண்டும். தபால் நிலைய ஆர்.டி. 5 வருஷத் திட்டம், இதற்குச் சரிப்படாது. வங்கியில் 12 மாத ஆர்.டி. போடச் சொல்லுங்கள்.

இனி வயலின். முதல் மாதச் சம்பளத்தில் புது வயலின் வாங்க ஓடவேண்டாம். ஆசிரியரிடம் கேட்டால் வாடகைக்கோ, பழைய மாணவர் வைத்திருப்பதோ கிடைக்கும். வயலினில் கிடாரைப் போல மெட்டுக் கட்டைகள் கிடையாது. விரலை எங்கே வைப்பது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். ஆகவே முதல் மூன்று மாதம் வீட்டில் கதவு கிறீச்சிடும் சத்தம்தான் கேட்கும். அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டுவார். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். சகித்துக்கொள்ளுங்கள். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, பிறகு ஜண்டை, அலங்காரம், அதற்குப்பின் கீதம். தினம் முக்கால் மணி நேரம் விடாமல் சாதகம் செய்தால், வருஷ முடிவில் நாலைந்து கீதங்கள் சுத்தமாக வாசிக்கலாம். கச்சேரி செய்ய முடியாது. ஆனால் கச்சேரியில் உட்கார்ந்தால் இதுவரை கேட்காததெல்லாம் கேட்கும்.

ஆர்.டி.யும் சரளி வரிசையும் ஒரே ஜாதி. இன்றைக்குச் செய்தால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது. பத்து நாள் விட்டுவிட்டு, ஒரே நாளில் சேர்த்துப் பத்து மணி நேரம் வாசித்து ஈடுகட்டவும் முடியாது. இருபத்தொரு வயதில் ஒரு பெண் இதைத் தன் விரல் நுனியில் தெரிந்துகொண்டால், அதற்கப்புறம் எம்.பி.ஏ. பாடம் அவளை என்ன பயமுறுத்திவிடும்?

பயணத்தையும் வாத்தியத்தோடு முடிந்துகொள்ளச் சொல்லுங்கள். ஜனவரியில் இரண்டு நாள் லீவு போட்டுத் திருவையாறு ஆராதனைக்குப் போய்வரட்டும். பஞ்சரத்தின கீர்த்தனைகளை எல்லா வித்வான்களும் சேர்ந்து பாடும்போது, கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து கேட்கலாம். பக்கத்தில்தான் தஞ்சாவூர். பலாமரத்தில் வீணை செய்யும் கைகளை அங்கே பார்க்கலாம். கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடைகிறார்கள். பஸ் காசில் முடிகிற இந்தப் பயணம், பெரிய பயணத்துக்கு ஒத்திகை. தனியாக டிக்கெட் எடுத்து, தங்க இடம் பார்த்து, கணக்கு எழுதித் திரும்பி வருகிறாளா என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

வயலினைக் கூட எடுத்துப் போனால் இரண்டு எச்சரிக்கை. வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கக் கூடாது, சூட்டில் பசை விட்டுப்போகும். வாசித்து முடித்ததும் வில்லின் முறுக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும்.

நடுவில் ஏதோ ஒரு மாதம் அவள் கணக்கில் துண்டு விழும். செல்போன் விழுந்து உடையும், தோழி கல்யாணம் வரும். ‘அம்மா, ஒரு ரெண்டாயிரம்...’ என்று வந்து நிற்பாள். அன்றைக்குத்தான் உங்களுக்குப் பரீட்சை. உடம்புக்கு என்றால் உடனே கொடுங்கள். மற்றதற்கு, ‘அடுத்த மாசம் பார்த்துக்கோடி’ என்று சொல்லிவிட்டு, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடுங்கள்.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு காகிதமும் பேனாவும் எடுத்து மேஜையில் வையுங்கள். தொகையையும் தேதியையும் பெண் எழுதட்டும். அதன் கீழே முதல் கையெழுத்தை அப்பாவிடம் கேளுங்கள்.