இனாமா? கூலியா?

மதுரையில் வில்லாபுரம் முதல் மாட்டுத்தாவணி வரை சாப்பாட்டுக் கடைகளில் சர்வர் வேலை பார்க்கும் தோழர்களின் குறை இப்போது ஒன்றே. அதாவது, "டிப்ஸ் விழுவதில்லை" என்பதாகும்.

இதற்குக் காரணம் தலைவிதியுமல்ல, கிரகக் கோளாறுமல்ல. முன்பெல்லாம் சாப்பிட்டவர் நோட்டைக் கொடுப்பார். சர்வர் மீதிச் சில்லறையைச் சோம்புத் தட்டில் கொண்டு வருவார். அதில் ஐந்தோ பத்தோ மிஞ்சும். 2016-ல் யு.பி.ஐ. வந்தது. இன்று 87 ரூபாய் பில்லுக்குக் கைப்பேசியில் 87 ரூபாயே போகிறது. சில்லறையே இல்லாதபோது தட்டில் என்ன விழும்? பார்சலாக வீட்டுக்குப் போகும் சாப்பாட்டிலோ சர்வரின் முகத்தையே யாரும் காண்பதில்லை. பில்லில் காணும் ஜி.எஸ்.டி.யும் சர்க்காருக்குப் போவதேயன்றிச் சர்வருக்கல்ல.

"மக்களுக்குக் கொடுக்கும் மனம் குறைந்துவிட்டது" என்கிறார்கள் சிலர். நாம் கேட்கிறோம்: வீடு கட்டும் கொத்தனாருக்குக் கூலி கொடுப்பவர் வீட்டுக்காரரா, அல்லது அந்த வீட்டுக்கு வரும் விருந்தாளியா? அப்படியிருக்க, ஓட்டலில் மட்டும் வேலை வாங்குகிறவர் ஒருவர், கூலி கொடுப்பவர் மற்றொருவர் என்பது என்ன நியாயம்? "டிப்ஸ் கிடைக்குமே" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைத்துப் பேசும் முதலாளிக்கே அந்த இனாம் உண்மையில் போய்ச் சேருகிறது. சர்வருக்கு மிஞ்சுவதெல்லாம் பத்து ரூபாய்க்காகப் பல்லைக் காட்டும் இழிவுதான்.

இவ்வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். 1865-ல் அடிமைத்தனம் ஒழிந்த பிறகு, புல்மன் கம்பெனி விடுதலை பெற்ற கறுப்பு மக்களை ரயில் படுக்கை வண்டிகளில் வேலைக்கு வைத்து, அற்பச் சம்பளம் கொடுத்து, மீதியைப் பிரயாணிகளின் தயவுக்கு விட்டது. பிரயாணிகளோ அவர்களின் சொந்தப் பெயரைக்கூடக் கேட்காமல், முதலாளியின் பெயரால் "ஜார்ஜ்" என்றே எல்லோரையும் அழைத்தார்கள். 1925-ல் பிலிப் ராண்டால்ப் தலைமையில் அவர்கள் சங்கம் கண்டு, 12 வருஷம் போராடி, 1937-ல் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள். இனாம் வாங்கிக் கிடைக்காத மதிப்பு சங்கத்தால் கிடைத்தது.

நம் நாட்டில் பில்லோடு சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொல்லிற்று. டில்லி ஐக்கோர்ட்டும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. சாப்பிடுகிறவர் மீது சுமத்தக் கூடாதென்றால், முதலாளி கொடுக்க வேண்டும் என்பதுதானே அதன் முடிவு?

ஆகவே, சர்வர் தோழர்களே! குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-லேயே வந்தது. ஓட்டல் தொழிலுக்கும் சர்க்கார் கூலி நிர்ணயிக்கிறது. அந்தத் தொகை எவ்வளவு, உங்கள் கைக்கு வருவது எவ்வளவு என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டறியுங்கள். தனியே கேட்டால் "நாளை முதல் வராதே" என்பார்கள். ஆதலால் சங்கமாய்ச் சேர்ந்து கேளுங்கள்.

சாப்பிடப் போகும் தோழர்களே! அந்தக் கூலி வரும்வரை கொடுப்பதை நிறுத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை. கோவில் உண்டியலுக்குக் கைப்பேசியில் காசு அனுப்பத் தெரிந்தவருக்கு, பசித்த வேளையில் சோறு பரிமாறியவருக்கென ஒரு பத்து ரூபாய் நோட்டைப் பையில் வைத்துக்கொள்ளத் தெரியாதா? கொடுங்கள். ஆனால் கொடுத்துவிட்டோம் என்பதற்காக அவரை "டேய்" என்று மட்டும் கூப்பிடாதீர்கள்.