கறுப்புத் திரையில் ஓயாத பேச்சு... எவ்வளவு குறைக்கலாம்?

திருவேற்காடு இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில்தான், 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' அவற்றில் சேர்ந்தே வந்தது. அன்று பிளஸ் டூ படித்தவர்களுக்கு இன்று குழந்தைகள்கூட இருக்கலாம். மடிக்கணினி பரணில் இருக்கலாம்.

அதைத் தூசி தட்டி லினக்ஸைக் கிளப்புபவர்களை மிரட்டுவது, கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தினால் வரும் கறுப்பு கன்சோல். கட்டளையைப் பாதி அடிக்கும்போதே குறுக்கே வரிவரியாக ஏதோ ஓடும். பெரும்பாலும் வைரஸ் அல்ல. லினக்ஸின் மையமான கெர்னல் பேசுகிறது. யு.எஸ்.பி. செருகினால் சில வரி, உருவினால் ஒரு வரி. வயர் லூஸ் என்றால் கேட்கவே வேண்டாம்!

ஆடி மாதம் கருமாரியம்மன் கோயில் பக்கம் போனவர்களுக்கு இது புரியும். மைக்கில் 'செருப்பை வரிசையாக விடவும்' என்பது ஒரு ரகம். 'குழந்தையைக் காணவில்லை' என்பது வேறு ரகம். கெர்னலும் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை எண் போடுகிறது. 0 என்றால் சிஸ்டமே விழப்போகிறது. 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல், 7 புரோகிராமர்களுக்கு.

குறைக்கும் கட்டளை சின்னதுதான். 'சூடோ' அடித்து, இடைவெளி விட்டு டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்து. மறுபடி இடைவெளி, கழித்தல் குறியை ஒட்டி என், இடைவெளி, 4. எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்தில். இனி 4-க்குக் கீழான எண்கள் மட்டுமே திரைக்கு வரும். ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும்.

எரிச்சலில் சிலர் 1 என்று வைத்துவிடுவார்கள். அங்கேதான் ஆபத்து. ஹார்ட் டிஸ்க் படிக்க முடியாமல் திணறும்போது வரும் செய்தியின் எண் 3. மைக்கையே பிடுங்கிவிட்டால் அதுவும் கேட்காது. மறைந்த செய்திகள் உடனே அழிவதில்லை. என்-னும் எண்ணும் இல்லாமல் அதே கட்டளையை அடித்தால் பார்க்கலாம். ஆனால், மறைத்த பிறகு யார் போய்ப் பார்க்கிறார்கள்?

4 வைத்த பிறகும் டிஸ்க் பெயரோடு பிழை வரி திரும்பத் திரும்ப வந்தால், எண்ணை இன்னும் குறைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் குடும்பப் போட்டோக்களை அன்றே ஒரு பென் டிரைவுக்கு மாற்றிவிடுங்கள்.