கடைசிக் காலக் கணக்கு

பி.காம். சேர்ந்த முதல் வருஷமே எங்களுக்கு ஒரு மந்திரம் சொல்லிக் கொடுத்தார்கள். 'கோயிங் கன்சர்ன்'. கம்பெனி நாளைக்கும் இருக்கும், அடுத்த வருஷமும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் கணக்கு எழுத வேண்டும். அந்த நினைப்பு இருந்தால்தான் லாரிக்குப் பத்து வருஷத் தேய்மானம் போட முடியும். கம்பெனிக்கு மூடுவிழாத் தேதி குறித்தாயிற்று என்றால் கதையே வேறு. மேஜை நாற்காலி இன்றைக்கு என்ன விலை போகும் என்பது ஒன்றுதான் கேள்வி. ஒழுகுகிற கூரையை எவன் சார் ரிப்பேர் செய்வான்?

கம்பெனிக்குச் சரி. உலகத்துக்கே மூடுவிழாத் தேதி குறித்துவிட்டால்?

ஆரப்பாளையத்திலிருந்து திருமங்கலம் வரைக்கும் பஸ்ஸில் உட்கார்ந்து சுவர்களைப் படித்துக்கொண்டே போங்கள். மூல நோய் வைத்தியம், டைப்ரைட்டிங் வகுப்பு (இன்னும் அழியவில்லை), நடுவில் 'இயேசு சீக்கிரம் வருகிறார்'. கீழமாசி வீதியில் நான் கணக்கெழுதித் தருகிற மளிகைக்கடை அண்ணாச்சி இதை மனப்பூர்வமாக நம்புகிறவர்.

"தம்பி, வருகை ரொம்ப சமீபம். யுத்தம், பூகம்பம், எல்லாம் சொன்னபடி நடக்குது பாத்தீகளா?" என்பார். அதே மூச்சில், "புதுசா இருபது மாசச் சீட்டு ஆரம்பிக்கேன், உங்க பேரும் எழுதியிருக்கேன்" என்பார்.

"அண்ணாச்சி, வருகை சமீபம்னா கடைசிச் சீட்டை யாரு எடுக்கிறது?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எப்ப வருவாருன்னு தேவதூதருக்கே தெரியாதாம். அதுவரைக்கும் யாவாரம் நடக்கணும்ல?" என்றார்.

அண்ணாச்சியிடம் இரண்டு பேரேடு இருக்கிறது. ஒன்று மேலோகத்துக்கு, ஒன்று கீழமாசி வீதிக்கு. ஒன்றில் எழுத வேண்டியதை இன்னொன்றில் எழுதமாட்டார். கோடிக்கணக்கான விசுவாசிகள் இப்படித்தான் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு ஒரு தகராறும் இல்லை. இரண்டாவது பேரேட்டை இழுத்து மூடிவிடுகிற ஆசாமிகளைப் பற்றித்தான் இந்த வாரம்.

நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. கிருஷ்ணன்கோவிலில் இறங்கி வத்திராயிருப்புக்கு பஸ் மாறினால், அந்தப் பக்கத்து மலையடிவாரத்தில் கிறிஸ்டியான்பேட்டை என்று ஓர் ஊர். 1840-ல் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற திருநெல்வேலித் தமிழர் உண்டாக்கியது. வெள்ளைக்காரச் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தவர். 1860-ல் அவருடைய சபைகளில் ஓர் எழுப்புதல் வந்தது. ஜனங்கள் அழுதார்கள், விழுந்தார்கள், அந்நிய பாஷையில் பேசினார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். பெந்தெகொஸ்தே அலை எங்கே கிளம்பியது என்றால் 1906, லாஸ் ஏஞ்சல்ஸ் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நம் வத்திராயிருப்புப் பக்கம் அதற்கு 46 வருஷம் முன்னாலேயே பார்த்துவிட்டது. (நமக்கு விளம்பரம் போதாது. எப்போதுமே போதாது.)

அருளப்பன் வழியில் வந்த தமிழ் உபதேசிமார் 1870-களில் மலை தாண்டித் திருவிதாங்கூருக்குப் போனார்கள். அங்கே ஜஸ்டஸ் ஜோசப் என்று ஒரு பாதிரியார். தமிழ் பிராமணக் குடும்பத்தில் ராமய்யனாகப் பிறந்து, 1861-ல் ஞானஸ்நானம் வாங்கி, சி.எம்.எஸ். மிஷனில் குருவானவர். நல்ல கவி. எழுப்புதல் சூட்டில் 1875-ல் தனிச்சபை கண்டார். இன்னும் ஆறே வருஷம், 1881 அக்டோபரில் கர்த்தர் வந்துவிடுவார் என்று சொல்லியும் விட்டார். 'ஆறு வருஷக் கட்சி' என்று மிஷனரிகள் பேர் வைத்தார்கள்.

1881 அக்டோபர் வந்தது. வெயிலும் மழையும் வழக்கம்போல. பிறகு நவம்பர் வந்தது.

பலர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பழைய சபைக்கே திரும்பினார்கள். மிச்சமிருந்தவர்களை வைத்துக்கொண்டு சபைக்குப் புதுப்பேர் வைத்து நடத்திய ஜோசப், 1887-ல் காலமானார். அவர் எழுதிய பாட்டுகளை மலையாளச் சபைகளில் இன்றைக்கும் பாடுகிறார்கள். தேதி பொய்த்தது, பாட்டு நின்றது.

இதில் நஷ்டக் கணக்கு போட்டுப் பாருங்கள். அவமானம், மனக்கஷ்டம் எல்லாம் நம்பியவர்களோடு முடிந்தது. அவர்களிடம் ராஜாங்கம் இல்லை, பட்டாளம் இல்லை. ஊரான் வீட்டு ஓடு ஒன்றுகூட உடையவில்லை.

இன்னொரு வேடிக்கை. அதே 1881-ல்தான் நம்ம பசுமலையில் அமெரிக்க மிஷன்காரர்கள் கல்லூரி ஆரம்பித்தார்கள். பின்னால் கோரிப்பாளையம் பக்கம் வந்துவிட்ட அமெரிக்கன் கல்லூரி அதுதான். அவர்களும் அதே பைபிளைத்தான் படித்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் உலகம் முடிகிற வருஷம், இந்தப் பக்கம் அட்மிஷன்!

நம்ம அரசியல்வாதிகளும் கோயிங் கன்சர்ன் ஆட்கள். அடுத்த தேர்தலுக்கு முன்னால் உலகம் முடிவதை எந்தக் கட்சியும் அனுமதிக்காது. ஜெருசலேம் பற்றி இங்கே அரசாங்கம் எடுத்த பெரிய முடிவு, புனிதப் பயணம் போகிறவர்களுக்கு மானியம். 2011-ல் ஜெயலலிதா அறிவித்தார், ஆளுக்கு 20,000 ரூபாய். 2020-ல் எடப்பாடி பழனிசாமி அதை 37,000 ஆக்கினார். போய் வந்து ஓட்டுப் போட வேண்டும், அவ்வளவுதான் எதிர்பார்ப்பு.

ராஜாங்கமும் பட்டாளமும் உள்ள இடத்தில் என்ன நடக்கிறது?

கடைசி யுத்தம் நடக்கும் இடம் என்று பைபிள் சொல்லும் 'அர்மகெதோன்' கற்பனை ஊர் இல்லை. மெகிதோ என்று நிஜமாகவே ஒரு மேடு இஸ்ரேலில் இருக்கிறது. முதல் உலகப் போரில், 1918 செப்டம்பரில், துருக்கிப் படையை பிரிட்டிஷ் ஜெனரல் ஆலன்பி முறியடித்த யுத்தத்துக்கு அந்த மேட்டின் பேரையே வைத்தார்கள். பிரபுப் பட்டம் கிடைத்தபோது ஆலன்பியும் மெகிதோவின் ஆலன்பி ஆனார். அந்த யுத்தத்தில் பாய்ந்த குதிரைப்படையில் பெரும்பகுதி நம் ஆட்கள். மைசூர், ஜோத்பூர் ஈட்டிக்காரர்கள் செப்டம்பர் 23-ல் ஹைஃபாவைப் பிடித்தார்கள். டெல்லி தீன் மூர்த்தியில் நிற்கிற மூன்று சிலைகள் அந்தப் படையணிக்குத்தான். அர்மகெதோனில் இந்தியா ஒரு தடவை சண்டை போட்டு முடித்துவிட்டது. உலகம் முடியவில்லை. ஆனால் 1917-லேயே யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் என்று பிரிட்டிஷ் மந்திரி பால்ஃபர் கடிதம் கொடுத்திருந்தார். யூதர்கள் திரும்பி வருவதுதான் முடிவின் அடையாளம் என்று நம்பியவர்களுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. 1948-ல் இஸ்ரேல் பிறந்ததும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டதாகவே அவர்கள் முடிவு கட்டினார்கள்.

அமெரிக்காவில் இது வியாபாரமாகவே ஆனது. 1970-ல் ஹால் லிண்ட்சே எழுதிய கடைசிக் காலப் புத்தகம் கோடிக்கணக்கில் விற்றது. 1948-ல் தொடங்கி ஒரு தலைமுறைக்குள், அதாவது நாற்பது வருஷத்துக்குள், என்று கோடி காட்டியிருந்தார். 1988-ம் வந்தது, போனது. ராயல்டி பேரேட்டை அவர் மூடியதாகத் தெரியவில்லை. 2024-ல்தான் காலமானார்.

1981-ல் ஜேம்ஸ் வாட் என்று ஓர் உள்துறை மந்திரி. (அங்கே உள்துறை என்றால் காடு, சுரங்கம், அரசு நிலம்.) கர்த்தர் வருவதற்குள் இன்னும் எத்தனை தலைமுறை இருக்குமோ எனக்குத் தெரியாது என்று பார்லிமெண்ட் கமிட்டியில் சொல்லிவிட்டார். காட்டை வெட்டித் தள்ளச் சொல்கிறார் என்று இன்று வரை அவரைத் திட்டுகிறார்கள். அது அநியாயம். வரப்போகிற தலைமுறைகளுக்கும் மிச்சம் வைத்துத்தான் நிர்வாகம் செய்ய வேண்டும் என்பதையும் அதே வாக்கியத்தில் சொன்னார். ஆனால் யோசியுங்கள், காட்டுக்குப் பொறுப்பான மந்திரி இந்தக் கணக்கை எதற்கு வாய்விட்டுப் போட வேண்டும்? அடுத்த தெரு பேங்க் மேனேஜர், "டெபாசிட் முதிர்கிற வரைக்கும் உலகம் இருக்குமோ என்னவோ" என்றால் நீங்கள் எந்தக் கவுண்ட்டருக்கு ஓடுவீர்கள்?

1984 அக்டோபரில் டி.வி. விவாதத்திலேயே ஜனாதிபதி ரீகனிடம் நேரடியாகக் கேட்டார்கள், அர்மகெதோனை நம்புகிறீர்களா என்று. அடையாளங்கள் கூடி வருவதாகச் சில இறையியல்காரர்கள் சொல்கிறார்கள், ஆனால் அதை வைத்து நான் திட்டம் போட்டதில்லை என்றார். நல்ல பதில்தான். அணுகுண்டுப் பொத்தான் வைத்திருப்பவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருந்ததே, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

2006-ல் ஜான் ஹேகி என்ற டெக்சாஸ் பாதிரியார் இஸ்ரேலுக்காகக் கிறிஸ்தவர்கள் சங்கம் ஆரம்பித்தார். உறுப்பினர் ஒரு கோடிக்கு மேல் என்று அவர்களே சொல்கிறார்கள். எந்த எம்.பி.யும் மரியாதையாகப் பேசுகிற எண்ணிக்கை. 2018 மே 14-ல் டிரம்ப் அரசு தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்றியபோது விழாவின் முடிவு ஜெபம் செய்தவர் இந்த ஹேகிதான். அதே நாளில் காஸா வேலியோரம் சுமார் 60 பாலஸ்தீனர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கன்னேற்றியில் ஆறு வருஷம் காத்திருந்தவர்கள் ஏமாந்தபோது அழுதது அவர்கள் வீடு மட்டும்தான். இங்கே எழவு விழுந்தது, இந்தத் தீர்க்கதரிசனத்தைக் கேட்டே இராதவன் வீட்டில்.

பட்டாளத்துக்கு வருவோம். கலிபோர்னியாவில் வாண்டன்பர்க் என்ற அன்றைய விமானப்படைத் தளம். அணு ஏவுகணைச் சாவியைத் திருப்பப் போகிற அதிகாரிகளுக்கு அங்கே பயிற்சி. அந்தப் பயிற்சியில் ஒரு பாடம், பாதிரியார் நடத்துவது: அணு ஆயுதமும் தர்ம நியாயமும். பைபிள் வசனங்கள் போட்ட ஸ்லைடுகள், வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்தும். வெள்ளைக் குதிரை மேல் வரும் கிறிஸ்து நீதியாக யுத்தம் செய்கிறவர் என்று. வருஷக் கணக்காக நடந்த இந்த வகுப்பை, விஷயம் வெளியே வந்த பிறகு 2011-ல் விமானப்படை நிறுத்திவைத்தது.

புகார் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பயிற்சியில் உட்கார்ந்த ஏவுகணை அதிகாரிகளே. அவர்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுகளும் கத்தோலிக்கர்களும்.