ழகரம் கேட்கும் மைக்

குரல் பதிவுக்கு எந்த மைக் வாங்கலாம் என்பது நம் துறையில் ஓயாத கேள்வி. பதில்களும் ஓய்வதில்லை. ஒருவர் பிராண்டைச் சொல்வார், இன்னொருவர் விலையைச் சொல்வார், மூன்றாமவர் பெரிய பாடகர் ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் பாடியது இதில்தான் என்பார். தமிழில் பாடும் குரலுக்கான மைக்கைத் தமிழ்ச் சொற்களை வைத்தே சோதித்துத் தேர வேண்டும் என்ற பேச்சு மட்டும் அரிதாகவே காதில் விழுகிறது. இந்த முறை ஆசிரியர் உரையை அதற்காகவே எடுத்துக்கொள்கிறேன்.

வலி, வளி, வழி. இந்த மூன்று சொற்களையும் பாடகரை ஒரே சுருதியில் நிதானமாகப் பாடச் சொல்லி, கைவசம் உள்ள மைக்கில் பதிந்து கேளுங்கள். மூன்றையும் பிரித்துக் காட்டுவதில் பெரும்பங்கு குரலின் மூன்றாம் ஃபார்மண்டுக்கு, அதாவது குரல்பாதையின் மூன்றாவது ஒத்ததிர்வுக்கு, உண்டு. லகரத்தில் அது உயரத்தில் நிற்கும். ளகரத்தில் இறங்கும். ழகரத்தில் இன்னும் கீழே வந்து, ஆண்குரலில் ஏறத்தாழ 2 கிலோஹெர்ட்ஸை ஒட்டி, இரண்டாம் ஃபார்மண்டை நெருங்கிவிடும். நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் அந்த ஓசையின் அடையாளம் 1.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய இடத்தில்தான் இருக்கிறது. மைக் விளம்பரங்கள் ‘ஏர்’ என்று புகழ்வதோ 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள பகுதியை. ழகரத்துக்கு அங்கே வேலை இல்லை.

இன்று வீட்டு ஸ்டுடியோக்களில் அதிகம் காணப்படுவது பெரிய டயஃப்ரம் கொண்ட மலிவு விலை கன்டென்சர் மைக். அவற்றில் பலவற்றின் காப்ஸ்யூல், நாய்மன் நிறுவனம் 1960இல் கொண்டுவந்த யூ 67 மைக்கின் கே67 காப்ஸ்யூலைப் பார்த்துச் செய்யப்பட்டது. அந்தக் காப்ஸ்யூல் இயல்பிலேயே மேல் அலைவரிசைகளைத் தூக்கிக் கொடுக்கும். யூ 67இலும் அதன் வழிவந்த யூ 87இலும் உள்ளே இருக்கும் மின்சுற்று அந்த ஏற்றத்தைத் தணித்துச் சமனாக்கும். காப்ஸ்யூலும் சுற்றும் ஒன்றை ஒன்று அறிந்து செய்யப்பட்ட ஜோடி அது. மலிவு விலைப் பிரதிகள் பலவற்றில் காப்ஸ்யூலின் சாயல் மட்டும் வந்தது, தணிக்கும் சுற்று வரவில்லை. அதனால் 5 முதல் 12 கிலோஹெர்ட்ஸ் வரை தூக்கல் அப்படியே வெளியே வருகிறது. கடையில் ஹெட்போன் மாட்டிக் கேட்கும்போது துல்லியம் போலத் தோன்றுவதும் அதுதான். பாட்டில் ‘ச’வும் ‘ஸ’வும் சீறுவதற்குக் காரணமும் அதுதான்.

பிறகு நடப்பது நம் எல்லோருக்கும் தெரியும். சீறலை அடக்க டீ-எஸ்ஸர் போடுகிறோம். மைக்கை ஒட்டிப் பாடியதால் அடியில் கனம் கூடியிருக்கும். அதை ஈக்யூவில் வெட்டுகிறோம். மேலும் கீழும் இத்தனை தூக்கலாக இருக்கும்போது நடுப்பகுதி பின்தங்கிவிடுகிறது. மிக்ஸில் கீபோர்டும் ஸ்ட்ரிங்ஸும் வந்து அமர்ந்ததும் ‘வழி’ என்று பாடியது ‘வளி’யாகிறது, சில நேரம் ‘வலி’யாகவே கேட்கிறது. பாடகருக்குத் தமிழ் உச்சரிப்பு வரவில்லை என்று பழி போடுகிறோம். அந்தப் பழியில் ஒரு பங்கு மைக்கைத் தேர்ந்தவருக்கும் உண்டு என்பது என் உறுதியான கருத்து.

மேல் ஒலி தூக்கலான மைக்குக்கு நல்ல பெயர் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மோனோ ஆப்டிகல் காலத்தில் திரையரங்க ஒலிக்கு அளவுகோலாக இருந்த அகாடமி வளைவில் 5 கிலோஹெர்ட்ஸில் 10 டெசிபலும், 8 கிலோஹெர்ட்ஸில் 18 டெசிபலும் இறக்கம். டேப்பில் நகலுக்கு நகல் எடுக்கும்போதும் மேல் ஒலிதான் முதலில் தேயும். அப்படிப்பட்ட சங்கிலியின் தொடக்கத்தில் கொஞ்சம் பளிச்சென்ற மைக் இருந்தால் முடிவில் சொல் தெளிந்து கேட்கும். இன்று அந்தச் சங்கிலியில் எதுவும் தேய்வதில்லை. பதிந்தது அப்படியே கேட்பவரின் இயர்போனுக்குப் போகிறது. அந்த இயர்போனிலும் ஒரு தூக்கல் இருக்கும். இழப்பை ஈடுகட்ட உதவிய குணம், இழப்பே இல்லாத இடத்தில் குறையாகிவிடுகிறது.

வெடிப்பொலி விஷயத்தில் தமிழ் நமக்குச் சற்று இரக்கம் காட்டுகிறது. சொல் முதலில் வரும் தமிழ்ப் பகரத்தில் ஆங்கிலத்தின் ‘பி’யில் உள்ள அளவுக்கு மூச்சு வெடித்து வராது. ஆனால் தியாகராஜர், தீட்சிதர் கிருதிகளைப் பதியும்போது நிலைமை வேறு. தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் மூச்சோடு வரும் மெய்கள் நிறைய. ‘ஷ’, ‘க்ஷ’ போன்றவையும் நிறைய. திருப்புகழுக்குப் பொருந்திய அதே மைக், அதே தூரம், தீட்சிதர் கிருதியில் தடுமாறலாம். ஒரே வித்வான் ஒரே அமர்வில் இரண்டையும் பாடினால், இடையில் எழுந்து போய் மைக்கை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளுவதில் சோம்பல் கூடாது. பாப் ஃபில்டரை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். காப்ஸ்யூலை மூக்கு உயரத்துக்கு ஏற்றி, வாயைப் பார்த்துச் சாய்த்து வைத்தால் மூச்சு அதன் கீழாகப் போய்விடும்.

குரலுக்குக் குரல் மைக் மாறும் என்பது பழைய பாடம்தான். அதை நம் காதுக்குப் பழகிய குரல்களை வைத்து நினைத்துப் பார்த்தால் பொருள் தெளிவாகும். சீர்காழி கோவிந்தராஜனின் குரலில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இயல்பாகவே ஒரு கணீர் உண்டு. அப்படிப்பட்ட குரலை இன்று பதிய வாய்த்தால், அதே இடத்தில் மேடு கட்டிய மைக்கை நான் தொடமாட்டேன். மேல் ஒலி மெல்லச் சரியும் ரிப்பன் மைக் ஒன்றை, அரை மீட்டருக்கு மேல் தள்ளி வைப்பேன். பி.பி. ஸ்ரீநிவாஸ் போல அடங்கிய, காதோடு பேசும் குரல் என்றால் நேர் எதிர்: இரைச்சல் குறைந்த கன்டென்சர், நெருங்கிய தூரம், அந்த நெருக்கத்தில் கூடும் அடிக்கனத்தை வெட்டாமல் அப்படியே வைத்துக்கொள்வது. டி.எம். சௌந்தரராஜன் போலச் சொல்லை நிறுத்தி, அழுத்தி, முழுத் தொண்டையில் பாடுபவருக்கு டைனமிக் மைக்கே போதும் என்பேன். இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பார்கள். மைக்கேல் ஜாக்ஸனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தில், 1982இல், ஒலிப்பொறியாளர் புரூஸ் ஸ்வீடியன் குரல் பதிவுக்குப் பயன்படுத்தியது ஷூர் எஸ்எம்7 என்ற டைனமிக் மைக். எந்த மைக்கையும் எடுத்துக் கேட்டுப் பார்க்க வசதி இருந்த ஒருவரின் தேர்வு அது.

டைனமிக் மைக் அறையின் எதிரொலியை வாங்காது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அது சரியல்ல. ஒரே பிக்கப் பேட்டர்ன், ஒரே தூரம் என்றால் இரண்டும் அறையை ஏறக்குறைய ஒரே அளவில்தான் கேட்கும். டைனமிக்கை வாயோடு ஒட்டி வைத்துப் பாடுவதால் குரல் பெரிதாகி அறை சிறிதாகிறது. தூரம் பாதியானால் நேர்க்குரல் 6 டெசிபல் கூடும், எதிரொலி அப்படியே நிற்கும். வேலை செய்வது தூரம்தான். எஸ்எம்7இன் பிந்தைய வடிவமான எஸ்எம்7பியை வாங்குவோர் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். அதன் வெளியீடு ஒரு பாஸ்கலுக்கு 1.12 மில்லிவோல்ட், யூ 87 ஏஐக்குக் கார்டியாய்டில் 28 மில்லிவோல்ட். 25 மடங்கு, அதாவது 28 டெசிபல் வித்தியாசம். அடங்கிய குரலோடு மலிவான இன்டர்ஃபேஸில் அதைச் செருகினால், கெயினை முழுக்கத் திருப்பியும் போதாமல் ப்ரீஆம்பின் இரைச்சல் மேலெழும்.

மைக்கின் சொந்த இரைச்சலைப் பற்றியும் தேவைக்கு மேல் கவலைப்படுகிறோம். யூ 87 ஏஐக்கு 12 டெசிபல், டிஎல்எம் 103க்கு 7, ரோடு என்டி1க்கு 4 அளவில். காகிதத்தில் பெரிய வித்தியாசம். ஆனால் சாலையை ஒட்டிய நம் வீட்டு அறைகளில் நள்ளிரவிலும் 30 டெசிபலுக்குக் கீழே போவது கடினம். அந்த இரைச்சலில் 12உம் 4உம் ஒன்றுதான். அந்தப் பணத்தைக் கதவு இடுக்கை அடைக்கச் செலவிடுங்கள்.

இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பாடல் வரிகளைத் தகரத் தட்டில் வைத்து, அதைப் பாடகரின் முகத்துக்கு நேரே நிறுத்துகிறோம். குரல் அதில் பட்டுத் திரும்பி, 34 சென்டிமீட்டர் அதிகம் பயணித்து மைக்குக்கு வந்தால் ஒரு மில்லிசெகண்ட் தாமதம். நேர்க்குரலோடு அது கலக்கும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளங்கள் விழும். பின்னிரண்டும் ழகரத்தின் இடத்திலேயே விழுகின்றன. பல லட்சம் கொடுத்து வாங்கிய மைக்கையும் ஒரு தகரத் தட்டு இப்படித் தோற்கடிக்கும். தட்டைச் சாய்த்து, மேலே கனமான துணி விரித்தால் பெரும்பாலும் தீர்ந்தது.

கர்நாடகக் குரலிசையில் பிராண்டை விட பேட்டர்ன் முக்கியம். வித்வான் தரையில் அமர்ந்திருப்பார், சங்கதிக்கேற்பத் தலை அசையும், கை தொடையில் தாளம் போடும். தலையை அசைக்காதீர்கள் என்று அவரிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை; அந்த அசைவில்தான் கமகம் பிறக்கிறது. கார்டியாய்டை 20 சென்டிமீட்டரில் வைத்தால், அவர் சற்றுப் பின்வாங்கியதும் குரல் குறைவதோடு அடிக்கனமும் உதிர்ந்து, குரலின் நிறமே மாறும். மந்திர ஸ்தாயியில் குனிந்து பாடும்போது வேறொருவர் பாடுவது போலிருக்கும். ஓம்னியில் இந்த நிறமாற்றம் இல்லை. நல்ல அறை என்றால் ஓம்னியை 40 சென்டிமீட்டரில் வையுங்கள். அறை சுமார் என்றால் வைட் கார்டியாய்டு. ஸ்டாண்டின் காலுக்கு அடியில் தடித்த ரப்பர் கட்டாயம், இல்லையென்றால் ஆதி தாளம் முழுவதும் பதிவில் கேட்கும். சுருதிப் பெட்டியை ஹெட்போனில் உரக்க வைத்து ஒரு காதை மட்டும் மூடிப் பாடுவது பலருக்கு வழக்கம். திறந்த காதுப் பக்கத்து ஹெட்போனை ஆஃப் செய்துவிடுங்கள், கசிவு வெகுவாகக் குறையும்.

சோதனை முறைக்கு வருகிறேன். இரண்டு மைக்குகளையும் காப்ஸ்யூலோடு காப்ஸ்யூல் ஒட்டி நிறுத்தி, ஒரே டேக்கை இரண்டிலும் பதியுங்கள். வெவ்வேறு டேக்குகளை ஒப்பிட்டால் பாடகரின் மனநிலையைத்தான் ஒப்பிடுவீர்கள். ஒலியளவை அரை டெசிபலுக்குள் சமப்படுத்துங்கள், ஏனென்றால் உரக்க ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும். எது எந்த மைக் என்று தெரியாதபடி உதவியாளர் மாற்றி மாற்றிப் போடட்டும். தனியாக மட்டும் கேட்காமல் மிருதங்கமும் வயலினும் சேர்ந்த மிக்ஸில் கேளுங்கள், பிறகு கைபேசியின் ஸ்பீக்கரில் கேளுங்கள். பாடுவதற்கான சொற்களை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வலி, வளி, வழி, அலை, அளை, அழை, மரம், மறம், சகரம் அடுக்கி வரும் ஓர் அடி, பகரம் அடுக்கி வரும் ஓர் அடி. மூன்று ஸ்தாயியிலும் பாடட்டும்.

வாங்கிய பின் பராமரிப்பு. சென்னையிலும் கடலோர ஊர்களிலும் கன்டென்சர் காப்ஸ்யூலுக்கு ஈரமே முதல் எதிரி. ஏசியில் குளிர்ந்த மைக்கை வெளியே எடுத்து வந்தால் டயஃப்ரமில் ஈரம் படிந்து படபடவென்று இரைச்சல் கேட்கும். காற்றுப் புகாத பெட்டி, சிலிக்கா ஜெல், பாப் ஃபில்டர் இல்லாமல் யாரையும் பாட விடாமை, இவை போதும்.

சோதனையைக் கேட்க யாரை அழைப்பது? நாம் காதை ஒலிக்குப் பழக்கியவர்கள். ஒரே பாட்டை நாற்பது முறை கேட்ட பிறகு சொல் தெளிவாக இல்லாவிட்டாலும் நமக்குப் புரிந்துவிடும், ஏனென்றால் வரி நமக்கு மனப்பாடம். ஆகவே அந்தப் பாட்டை முன்பு கேட்டிராத ஒருவரை உட்கார வைத்து, காதில் விழுந்த வரிகளை எழுதித் தரச் சொல்லுங்கள். பாடலாசிரியரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். எந்த மைக்கில் அவருடைய சொற்கள் பிழையின்றி வந்திருக்கின்றனவோ, அதற்குப் பணம் கட்டுங்கள்.