அரசனின் அங்கியும் குடியானவளின் பாவாடையும்

பழந்துணி சேர்ப்பது வேலையற்றோரின் பொழுதுபோக்கு என்று எள்ளி நகையாடுவோர் எம்மிடையே உளர். அரசன் அணிந்த அங்கியென்றால் அவர்கள் கைகூப்புவர். கமக்காரன் உடுத்ததென்றாலோ கந்தல் என்பர். இம்மனப்பான்மையை நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம்.

சுவீடன் நாட்டு வரலாறு இவர்களுக்குத் தக்க மறுமொழி கூறுகின்றது. போலந்துப் போரிலே தான் அணிந்திருந்த, இரத்தக்கறை படிந்த ஆடைகளை என்றும் பேணுமாறு 1628 ஆம் ஆண்டில் மன்னன் இரண்டாம் குஸ்தாவ் அடோல்ஃப் கட்டளையிட்டான். அவை இன்றும் ஸ்டொக்ஹோம் நகரில் உள. அவனுக்கு உணவளித்த குடியானவரின் உடைகளோ, அதே நகரில் ஒரு நூதனசாலைக்குள் நுழைய 1873 வரை காத்திருந்தன. இடைப்பட்டவை 245 ஆண்டுகள்!

அவ்வாயிலைத் திறந்தவர் அரசனுமல்லர், அமைச்சருமல்லர். ஆசிரியராயிருந்த ஆர்தர் ஹசேலியஸ் என்பவரே அவர். 1872 ஆம் ஆண்டுக் கோடையில் டாலார்னா மாகாணத்திற் பயணஞ்செய்தபோது, ஊருக்கு ஊர் வேறுபட்ட உடைகள் மறைந்துவருவதை அவர் கண்டார். புகையிரதமும் ஆலைத்துணியும் கிராமங்களுட் புகுந்த காலம் அது. ஸ்தூரா தூனா என்னும் ஊரின் பாவாடையொன்றை வாங்கினார். அதுவே வித்து. பொதுமக்களின் நன்கொடையால் அது வளர்ந்தது. 1878 இல் பாரிஸ் கண்காட்சியிலே உலகம் வியந்து நோக்கியது. 1880 இல் அச்சேகரிப்பைத் தம் உடைமையாக வைத்திராது பொது அறநிலையமாக்கினார். அதன் பெருங்கட்டடம் 1907 இல் திறக்கப்பட்டபோது அவர் உயிருடன் இல்லை. 1901 இலேயே மறைந்துவிட்டார்.

ஒரு பாவாடையில் என்ன வரலாறு என்பீர்களா? அணிந்தவள் எவ்வூரினள், மணமானவளா, துக்கங் காப்பவளா என்பதை அந்நாட்டுக் கிராமங்களில் உடையே உணர்த்திற்று. ஏடெழுத இயலாதவர் இழையால் எழுதிய வரலாறு அது!

எம் நாட்டிலும் இவ்வுணர்வு எழாமலில்லை. ஆனந்த குமாரசுவாமி 1905 இல் முன்னின்று நடத்திய இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கம், மேனாட்டு உடையைச் சிந்தியாது பின்பற்றுவதைக் கண்டித்தது. ஆயினும் கண்டனம் மட்டும் ஒரு நூலிழையையேனும் காப்பாற்றாது.

பழைய உடையையே உடுங்கள் என்று நாம் கூறவில்லை. றங்குப் பெட்டியிலுள்ள ஆச்சியின் கூறைச் சேலையை எறியாதீர்கள் என்றே கூறுகின்றோம். அது யாருடையது, எவ்வூரது, எந்நாளில் உடுத்தது என எழுதி அதனோடு வையுங்கள். கற்றோர் எழுதட்டும், கமக்காரர் எடுத்துச் சொல்லட்டும். அரசு வந்து செய்யுமென்று காத்திருப்பதற்குள் கறையான் தன் வேலையை முடித்துவிடும்!