பாம்பு ஓடினால் சொல்ல வேண்டாமா?

2021-ம் ஆண்டு ஜூன் மாதம் 28-ந் தேதி. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் உள்ள ராலே நகரம். அங்கே ஒரு வீட்டு வாசல் தாழ்வாரத்தில் பாம்பு ஒன்று கிடந்தது.

அது சாதாரணப் பாம்பு அல்ல. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வரிக்குதிரை நாகம்! கடிக்கும். கிட்டே வராமல் விஷத்தைத் துப்பவும் செய்யும். அது கண்ணில் பட்டால் பார்வை போய்விடலாம்.

யாரும் அதன் அருகே போக வேண்டாம் என்று போலீசார் எச்சரித்தார்கள். பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? 30-ந் தேதி பாம்பு பிடிபட்டது. பிறகுதான் ஊர் மூச்சு விட்டது.

7 மாத மவுனம்

அந்த நாகம் எப்போது தப்பியது தெரியுமா? 2020 நவம்பர் மாதமே!

அதை வளர்த்தவர் ஒரு வாலிபர். அவர் வீட்டில் 70-க்கு மேற்பட்ட பாம்புகள் இருந்தன. நாகம் ஓடியதை அவர் போலீசுக்குச் சொல்லவில்லை.

பூட்டு சரியாக விழாமல் போகலாம். கூண்டில் சந்து இருக்கலாம். கைதவறுதல் யாருக்கும் நேரும், அதைப் பொறுக்கலாம். ஆனால் 7 மாதம் வாய் திறக்காமல் இருந்ததை எப்படிப் பொறுப்பது? பக்கத்து வீட்டார் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். இருட்டில் குப்பை கொட்டப் போனார்கள். ஆபத்து அவர்களுக்கு, ஆனால் விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்!

அந்த மாநிலத்தில் விஷப் பாம்பை வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் கூண்டைப் பூட்டி வைக்க வேண்டும். "உள்ளே விஷப் பிராணி" என்று எழுதி ஒட்ட வேண்டும். பாம்பின் பெயர், அதற்கு உரிய மருந்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். தப்பினால் உடனே போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

அந்தச் சீட்டு யாருக்காக? வளர்ப்பவருக்கு அல்ல. வீடு தீப்பிடித்தால் உள்ளே ஓடி வரும் தீயணைப்பு வீரருக்காக! கடிபட்டவரைக் காப்பாற்ற வேண்டிய டாக்டருக்காக!

மருந்து எங்கே?

2021 மார்ச் மாதம் அதே வாலிபரை இன்னொரு பாம்பு கடித்தது. அது பச்சை மாம்பா. அதுவும் ஆப்பிரிக்கப் பாம்புதான். பக்கத்து மாநிலமான தென் கரோலினாவில் உள்ள ஒரு மிருகக்காட்சி சாலையில் இருந்து மருந்து வந்தது. அவர் பிழைத்தார்.

விஷமுறிவு மருந்து எளிதில் கிடைப்பது அல்ல. குதிரையின் உடம்பில் சிறிது சிறிதாக விஷத்தை ஏற்றி, அதன் ரத்தத்தில் இருந்து எடுக்கிறார்கள். எல்லாப் பாம்புக்கும் ஒரே மருந்து உதவாது. ஆப்பிரிக்கப் பாம்புக்கான மருந்தை அமெரிக்க ஆஸ்பத்திரிகள் சாதாரணமாக வைத்திருப்பதில்லை. மிருகக்காட்சி சாலைகள் தங்கள் ஊழியர்களுக்காக வாங்கி வைக்கின்றன. பொழுதுபோக்குக்காகப் பாம்பு வளர்ப்பவர் அதை நம்பி இருப்பது என்ன நியாயம்? மருந்துக்கு வழி செய்யாதவர் பாம்பை வாங்கவே கூடாது.

"என் பாம்பு என்னைக் கடிக்காது" என்று சிலர் சொல்வது உண்டு. வேடிக்கைதான்! சோறு போட்ட கையை நாய் அறியும். பாம்பிடம் அந்தப் பாசத்தை எதிர்பார்க்க முடியாது. பாம்பின் மேல் குற்றம் இல்லை. அதன் குணம் அது.

(நம் நாட்டில் இந்தப் பேச்சுக்கே இடம் இல்லை. 1972-ம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, நல்ல பாம்பைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றம்.)

வழக்கில் அந்த வாலிபர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தேடிய செலவுக்காக 13 ஆயிரம் டாலருக்கு மேல் கட்டும்படி கோர்ட்டு உத்தரவிட்டது. நாகமும் பறிபோனது. 2022-ம் ஆண்டில் ராலே நகரசபை, விஷப் பாம்பு உள்பட ஆபத்தான பிராணிகளைப் புதிதாக வளர்க்கத் தடை விதித்தது. ஏற்கெனவே வளர்ப்பவர்கள் நகரசபையில் பதிவு செய்ய வேண்டும். எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்பது இனியாவது ஊருக்குத் தெரியும்.